பாய்மரம் தெரியாமல் பாடமா?

தஞ்சாவூரில் படிக்கும் அக்கா மகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலாகக் கொடுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும். முதலில் நிற்பது 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. 1738இல் வெளியான ஜோனதன் ஸ்விஃப்டின் உரையாடல் நூலிலேயே இருக்கும் பழந்தொடர் அது. நான் வாழும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் மழைக்குப் பஞ்சமில்லை; பேருந்து நிறுத்தத்தில் நனைகிறவர்கள் 'சக்கிங் இட் டவுன்' என்றுதான் அலுத்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னதும் அத்தான், "பரீட்சையில இதத்தானே கேக்குறான், மார்க் வந்தாப் போதும்" என்று முடித்துவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை.

ஆங்கிலத் தொடர்கள் பல பாய்மரக் கப்பலிலிருந்து வந்தவை; இந்த ஊரில்தான் 'விக்டரி' இருக்கிறது. 1805இல் டிராஃபல்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் ஏறி நின்ற கப்பல். 100 பீரங்கிகளுக்குக் குறையாத கப்பலைத்தான் அன்றைய கடற்படை முதல் தரத்தில் வைத்தது, விக்டரியில் 104. இன்று நல்ல காப்பியைக்கூட 'ஃபர்ஸ்ட் ரேட்' என்கிறோமே, அந்தத் தரம் இதுதான்.

'டேக்கன் அபேக்' இன்னும் அருமை. பின்னாலிருந்து தள்ளவேண்டிய காற்று சட்டென்று எதிரே திரும்பி, விரிந்த பாயை மரத்தோடு சேர்த்து அழுத்தும். ஓடிக்கொண்டிருந்த கப்பல் திணறி நின்றுவிடும், பின்னோக்கியும் போகும், சமயத்தில் மரமே முறியும். இத்தனையையும் 'திகைத்தல்' என்று எழுதிக்கொடுத்தால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? 'பொதுவாக' என்ற பொருளில் வழங்கும் 'பை அண்ட் லார்ஜ்' என்பதும் எதிர்க்காற்றை ஒட்டியும் பின்காற்றிலும் ஓடுவதைப் பற்றிய மாலுமிப் பேச்சுதான். கயிறு இழுத்தவனின் பேச்சை நீதிபதியும் அமைச்சரும் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். இந்த நாட்டில் நான் மிகவும் மதிப்பது இதை.

அதற்காக நமக்கு இது இல்லை என்று யாரும் சொன்னால் ஒப்பமாட்டேன். நிதியை 'மடைமாற்றினார்கள்' என்று நாளிதழ் எழுதும்போது, மண்வெட்டியோடு வரப்பில் நிற்கும் விவசாயி சட்டமன்றத்துக்குள் வந்துவிடுகிறார். மகளைக் 'கரையேற்றிய' தகப்பன் பேச்சில் ஆறு ஓடுகிறது. ஆனால் இங்கே விக்டரியை 1922 முதல் உலர்துறையில் நிறுத்திக் காப்பாற்றி, பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். நம்மிடம் கல்லணை இன்றும் வேலை செய்கிறது. அதைக் காட்டித் தமிழ் சொல்லித்தர எந்த வகுப்பு அங்கே போகிறது?

அத்தான் அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகட்டும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் எப்படிப் பிரிகிறது, ஒரு ஷட்டரை இறக்கினால் எந்தப் பக்கம் வெள்ளம் திரும்புகிறது என்று அவள் கண்ணால் பார்க்கட்டும். பாயையும் காற்றையும் நான் படம் வரைந்து அனுப்புகிறேன்.