பேருந்தில் சரிந்த பெரியவர்



சில ஆண்டுகளுக்கு முன், அஸர் தொழுதுவிட்டுத் திருவாரூரிலிருந்து நாகைக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். முன் இருக்கையிலிருந்த பெரியவர் ஒருவர் திடீரெனச் சரிந்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் சோடா வாங்க ஓடினார். நடத்துநர் 108க்கு அழைத்தார். பெரியவரின் தொண்டையிலிருந்து குறட்டை போன்ற ஓசை விட்டுவிட்டு வந்தது. அதை ஸகராத் என்று எண்ணிய நாம், அவருடைய தலையை மடியில் ஏந்திக் காதருகே கலிமா சொல்லிக்கொண்டிருந்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஹஜ்ரத் மடியில் மௌத்தானார், பாக்கியசாலி" என்றார்கள். நாமும் அதையே நம்பியிருந்தோம்.

பிறகு ஒருமுறை சிங்கப்பூரில் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தபோது, எம்.ஆர்.டி. நிலையச் சுவரில் இதயமும் மின்னலும் வரைந்த பெட்டியொன்றைக் கண்டு தம்பி மகளிடம் வினவினோம். "அது ஏ.இ.டி., பெரிய வாப்பா" என்று விளக்கினாள். இதயம் இரத்தத்தை அனுப்பாமல் வெறுமனே துடிதுடிக்கும் நிலையில், மின் அதிர்ச்சி கொடுத்து அதை ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி. செய்யவேண்டியதைத் தானே வாய்விட்டுச் சொல்லும். தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடுக்காது. 2015இல் அந்நாட்டில் டாக்சிகளிலும் இதை வைக்கத் தொடங்கினார்களாம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்: இதயம் நின்ற சிலருக்குக் குறட்டை போல் இழுக்கும், அது மூச்சன்று, உடனே நெஞ்சை அழுத்த வேண்டும்.

அங்கிருந்த இருக்கையில் அமர்ந்துவிட்டோம்.

முதலுதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. நெரிசலில் சிக்கிய பேருந்துக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த நெஞ்சு காத்திருக்குமா? பெரியவரின் அஜலை அல்லாஹ்வே அறிவான். கலிமா சொன்னதும் தவறன்று. ஆனால் நாவு ஓதிக்கொண்டிருந்தபோது நம் இரு கைகளும் சும்மாவே இருந்தன.

இப்போது மதரஸாவில் வியாழன்தோறும் கால் மணி நேரம், தலையணையை வைத்து நெஞ்சழுத்தம் பழக்குகிறோம்: நடு நெஞ்சில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல். "விழுந்தவர் அந்நியப் பெண்ணாக இருந்தால், ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. கருவியின் பட்டைகளை வெற்றுத் தோலில், வலது காறை எலும்பின் கீழும் இடது விலாப்புறத்திலும், ஒட்டியாக வேண்டும். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டது தேவையின் அளவுக்கு ஆகுமாகும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. பெண்கள் இருந்தால் அவர்கள் செய்யட்டும், சுற்றி நிற்பவர்கள் துப்பட்டாவால் மறைக்கட்டும்; ஆனால் பெண்ணைத் தேடி நேரத்தைப் போக்கக் கூடாது என்றோம். சிலருக்கு இது இன்னும் உறுத்துகிறது. தம் தாய் விழுந்து கிடப்பதாக அவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

கருவியின் விலை எளியதன்று. ஜகாத்தில் வாங்கலாமா என்று ஜமாஅத்தில் விவாதம் எழுந்தது. அந்தச் சிக்கல் வேண்டாமென்று ஸதகாவாகத் திரட்டுகிறோம். நம் ஊர்த் தனியார் பேருந்து ஓட்டுநரிடம், கிடைத்தால் எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டோம். இருக்கைக்குப் பின்னிருந்த முதலுதவிப் பெட்டியைக் காட்டினார். திறந்தால் ஒரு சீப்பு, ஊதுபத்திக் கட்டு, பழைய டிக்கெட் புத்தகம். அவரே வெட்கத்துடன் அவற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.