சேத்துமடையில் ஓர் இருட்டு இரவு

"மின்மினிப் பூச்சி பார்க்கப் போகிறேன்" என்று நான் சொன்னதும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பூச்சி பார்க்க ஐந்நூறு கிலோமீட்டர் போக வேண்டுமா? நம் வீட்டு அரிசி டப்பாவைத் திறந்தால் போதாதா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எங்கள் அரிசி டப்பாவில் குடியிருப்பவை வெளிச்சம் போடுவதில்லையே! எங்கள் ஏழு வயதுப் பெண் மின்மினியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை. 2022-ம் ஆண்டுக் கோடையில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் எண்ணில்லாத மின்மினிகள் கூடி, மரத்துக்கு மரம் ஒரே தாளத்தில் மின்னியதைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தது முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் சென்ற மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரயில் ஏறிவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடைக்குப் பஸ் போகிறது. இரு பக்கமும் தென்னை. எதிரே நீலமாக மலை. அந்த மலையின் மேல்தான் டாப்சிலிப். வெட்டிய தேக்கு மரங்களை உச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். சேத்துமடையில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. இரவில் நம் இஷ்டத்துக்குக் காட்டுக்குள் திரிய முடியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. பூச்சியைப் பார்க்க ஆயிரம் பேர் காரில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் பூச்சிதான் என்ன செய்யும்? காட்டின் ஓரத்தில் இருக்கும் தோப்புகளிலும் மின்மினி உண்டு என்று நண்பர் ஒருவர் சொல்லி, தம் பெரியம்மாவின் தோட்டத்துக்கு வழி எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் தோட்டத்து வீட்டைச் 'சாளை' என்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "வாங்க தம்பி, ரயில்ல தூங்கினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மருமகள் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மகன் தேங்காய் லாரியோடு கேரளத்துக்குப் போயிருந்தார். பத்து வயதுப் பேரன் என்னை நேரே கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனான். அங்கே பெரியம்மாவின் கோழி சாம்ராஜ்யத்தைக் கண்டேன்.

அதில் கடையில் வாங்கிய சாமான் ஒன்றுகூட இல்லை. மூங்கில் பிளாச்சில் பின்னிய பஞ்சாரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் தாயும் குஞ்சுகளும். பருந்துக்கும் காக்கைக்கும் பயந்து பகலில் அப்படி மூடி வைக்கிறார்கள். தீனி போட, தென்னை மரத்துண்டைக் குடைந்த தொட்டி. பக்கத்தில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி. கோழி அதில் புரண்டு குளித்தால் செள் உதிர்ந்துவிடுமாம். திண்ணை மூலையில் வைக்கோல் போட்ட கூடையில் ஒரு கறுப்புக் கோழி பதினோரு முட்டைகளின் மேல் அடை கிடந்தது. முட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டு, கொஞ்சம் கரி, ஒரு காய்ந்த மிளகாய்.

"இது எதற்கு அம்மா?"

"இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆயிரும் தம்பி. அதுக்குத்தான் காவல்."

மிளகாய்க்கும் இடிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. படித்தவன் என்ற கர்வத்தை மோரோடு விழுங்கிவிட்டேன்.

தண்ணீர்ப் பானையைப் பார்த்தபோது அந்தக் கர்வம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. வாய் ஓரத்தில் சிறு துளையிட்ட மண்பானையில் தண்ணீர் நிரப்பி, மேலே அகலத் தட்டை வைத்து மூடி, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்திருந்தார். கோழி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தானாக இறங்குகிறது, ஆனால் வழிவதில்லை. மாடியில் நாலு கோழி வளர்க்கும் சகோதரிகள் இதைச் செய்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. துளை, தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர் துளையை மூடிவிட்டால் உள்ளே காற்றுப் புகாது, பானை நின்றுவிடும். துளை உயரமாகிவிட்டாலோ பானை முழுவதும் வழிந்து வாசல் தெளித்துவிடும்!

பொழுது சாய்ந்தது. கோழிகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் ஏறின. பன்னிரண்டு. பெரியம்மா எண்ணிக் கதவைச் சாத்தினார். பேரன் ஓடிப்போய் ஒரு சுவிட்சைத் தட்டினான். கூட்டுக்கு மேலே கம்பத்தில் கட்டியிருந்த எல்.இ.டி. விளக்கு பளீரென்று எரிந்தது. கொல்லை, வாய்க்கால், அதற்கப்பால் நாலு வரிசைத் தென்னை எல்லாம் கல்யாணப் பந்தல் மாதிரி ஆகிவிட்டன.

எட்டு மணி வரை நின்றேன். விளக்கைச் சுற்றி விட்டில்கள் மொய்த்தன. மின்மினி ஒன்றுகூட இல்லை.

"முன்னெல்லாம் இந்த வாய்க்கா ஓரம் பூராவும் மின்னும்" என்றார் பெரியம்மா. "ரெண்டு வருசமாக் காணோம்."

"விளக்குப் போட்டு எத்தனை நாளாகிறது?"

அவர் சற்று யோசித்தார். "அதுவும் ரெண்டு வருசந்தான் ஆச்சு."

மின்மினி பூச்சிதான் என்றாலும் ஈ, கொசு இனமல்ல, வண்டு இனம். அதன் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் பிராணவாயுவோடு சேர்ந்து ஒளிர்கிறது. சூடு கிட்டத்தட்ட இல்லை. பல இனங்களில் ஆண் பறந்துகொண்டே மின்னும். பெண் கீழே புல்லில் உட்கார்ந்து பதிலுக்கு மின்னும். பெண் பார்க்கும் படலம், சம்மதம், எல்லாமே அந்த வெளிச்சத்தில்தான். மண்ணில் நத்தையைத் தின்று மாதக்கணக்கில் புழுவாகக் கிடந்துவிட்டு, இறக்கை முளைத்த பின் அது வாழ்வது சில வாரங்களே. அந்தச் சில வாரமும் மேலே ஒரு விளக்கு எரிந்தால், ஒருவர் கூப்பிடுவது மற்றவர் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் வயலில் விளக்கு நட்டுப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2016-ல் வெளியானது. ஓர் இனத்தில் மின்னுவதே குறைந்தது; இன்னோர் இனத்தில் ஜோடி சேருவது குறைந்தது. மின்மினிக்கு ஆபத்து எது என்று உலகெங்குமுள்ள நிபுணர்களைக் கேட்டு 2020-ல் வெளியிட்ட கணிப்பில், இருப்பிடம் அழிவது முதலாவதாகவும், செயற்கை வெளிச்சமும் பூச்சி மருந்தும் அடுத்தடுத்தும் வந்தன.

இதையெல்லாம் நான் திண்ணையில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "விளக்கு சும்மாப் போடலீங்க தம்பி. ஒரே ராத்திரியில மரநாய் நாலு கோழியைத் தூக்கிட்டுப் போச்சு. முட்டை வித்த காசுலதான் இவன் நோட்டுப் புஸ்தகம் வாங்கறேன்" என்றார்.

மருமகளும் வாசற்படிக்கு வந்தாள். "குளியலறை அந்தக் கோடியில இருக்குதுங்க. ராத்திரி போறப்போ பாம்பு கிடந்தாத் தெரியோணுமல்லங்க?"

எனக்குப் பதில் இல்லை. சென்னைக்குத் திரும்பிப் போகிறவன் இருட்டின் அழகைப் பற்றிப் பேசுவது சுலபம். இருட்டில் நடக்கிறவள் அவளல்லவா?

மறுநாள் காலை கூட்டைச் சுற்றி வந்தேன். பழைய கயிற்றுக் கட்டில் சட்டத்தின் மேல் பலகை அடித்த கூடு. முன்பக்கம் கோழி வலை. கதவுக்கு ஒரு சிறு கொக்கி. பேரன் ஒரு குச்சியால் அதைத் தூக்கிக் காட்டினான். குச்சியால் முடிவது மரநாயின் மூக்கால் முடியாதா? அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். பல்லும் நகமும் உள்ளே வராமல் தடுக்காது. வெளிச்சம் மட்டும் தடுத்துவிடுமா? விளக்குக்குப் பழகிய பிராணி அதன் கீழேயே வந்து நிற்கும்.

ஆனைமலைக்குப் போய் அரை அங்குலக் கட்டம் போட்ட கனமான வெல்டு மெஷ் வாங்கி வந்தோம். பழைய வலையின் மேல் அதை ஆணியும் பட்டையும் வைத்து அடித்தோம். பெயர்தான் 'அடித்தோம்'. நான் அடித்தது பெரும்பாலும் என் கட்டைவிரல். அடியில் மண்ணைத் தோண்டி நுழையாதபடி, கூட்டைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு அதே கம்பியைத் தரையில் விரித்துக் கல் வைத்தோம். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதன் துளையில் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செருகினோம். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் சாமர்த்தியம் எந்த மரநாய்க்கும் இராது என்று நம்பினோம்.

விளக்கு விஷயத்தில் யோசனை சொன்னது மருமகள்தான். கூட்டின் மேலிருந்த விளக்கைக் குளியலறைச் சுவருக்கு, இடுப்பு உயரத்துக்கு மாற்றினால் என்ன என்றாள். எலெக்ட்ரீஷியன் வந்து மாற்றினார். சுவிட்ச் சமையலறைக்குள் வந்தது. பேரன் எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி அதற்குக் குல்லாய் போட்டான். வெளிச்சம் நடைபாதையில் மட்டும் வட்டமாக விழுந்தது. வேண்டும்போது போடுவது, உள்ளே வந்ததும் அணைப்பது. மஞ்சள் விளக்காகப் போட்டுவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். மின்மினியின் ஒளியே மஞ்சளும் பச்சையுமாகத்தானே இருக்கிறது! அணைத்து வைப்பதற்கு ஈடு இல்லை.

அன்று மாலை ஒரு சிறு தூறல். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. ஏழரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்தோம். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகிறது. பிறகு தென்னையும் வானமும் தனித்தனியாகப் பிரிந்தன. அப்புறம் வாய்க்கால் ஓரத்தில் ஒரு பொட்டு. அணைந்தது. ஓர் அடி தள்ளி மறுபடி எரிந்தது.

"அதோ!" என்றான் பேரன். பிறகு எண்ண ஆரம்பித்தான். பதினேழு வரை வந்து, எண்ணியதையே திரும்ப எண்ணுகிறோமா என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டான். உலாந்திக் காட்டின் படத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் மருமகள் தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்குக் கோழிகள் அலறின.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். கூட்டின் மேலே இரண்டு கண்கள் நெருப்பாக மின்னின. மரநாய்தான். எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு அவசரமில்லாமல் இறங்கித் தென்னையில் ஏறிப் போய்விட்டது. பெரியம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் விளக்கைப் போட்டார். மிச்ச இரவு முழுவதும் அது எரிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. நாலு கோழியைப் பறிகொடுத்தவர் அவர், நான் அல்ல.

விடிந்ததும் கதவைத் திறந்தார். பன்னிரண்டும் இறங்கின. பலகையில் நீளமாக நகக் கீறல்கள். கம்பி ஓரிடத்தில்கூட வளையவில்லை. பெரியம்மா ஸ்போக்கை இழுத்துப் பார்த்தார், செருகிப் பார்த்தார். "கம்பி பரவாயில்லைங்க தம்பி" என்றார்.

ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாள் கழித்துப் பேரன் போனில் கூப்பிட்டான். கறுப்புக் கோழி எட்டுக் குஞ்சு பொரித்துவிட்டதாம். மூன்று முட்டை கூமுட்டையாம். அந்த வாரம் இடி பலமாம். மரநாய் இன்னொரு தரம் வந்து போனதாம். ஆத்தா இப்போது எட்டு மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டாளாம். சமையலறைக் காலண்டரில் தினமும் எண்ணிக்கை எழுதுகிறான்: ஒன்பது, பதினாலு, மழையன்று ஆறு, நேற்று இருபத்திரண்டு.

போனை வைத்ததும் என் பெண் கேட்டாள்: "அப்பா, மழை பெய்தால் அது எங்கே போய் நிற்கும்?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "அடுத்த மே மாதத்துக்கு டிக்கெட் போடும்போது மூன்றாகப் போடுங்கள்."