காஸ்வேக்கு இந்தப் பக்கம்

அதிகாலை நாலரைக்கே ஜொகூர் பாருவில் மோட்டார் சத்தம் பெருகிவிடுகிறது. தெப்ராவ் பக்கமிருந்தும் ஸ்கூடாய் பக்கமிருந்தும் விளக்கு வரிசைகள் இறங்கி, சிங்கப்பூர் போவதற்காகச் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்துக் குடிநுழைவுச் சாவடிக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன. எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்கப் பலர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருக்கிறார்கள். காலில் ரப்பர் செருப்பு, வேலைக்கான பூட்ஸ் முன்கூடையில். ஒரு வண்டியின் பின்னிருக்கையில் ஒரு பெண் கணவரின் முதுகில் ஹெல்மெட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிறார். கைகள் மட்டும் அவர் இடுப்பை விடவில்லை.

சாவடிக்குச் சற்றுத் தள்ளி, இரவெல்லாம் திறந்திருக்கும் ஓர் உணவுக்கடை. வாசலில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று, டிஎன் என்று தொடங்கும் எண்பலகையோடு ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். இருபுறமும் அலுமினியப் பெட்டிகள். பெட்டி மேல் இந்தியா, நேப்பாளம், தாய்லாந்து, லாவோஸ், மலேசியா என்று கொடி ஸ்டிக்கர்கள். ஆறாவதற்கு இடம் விட்டிருக்கிறது. மற்றது ஜொகூர் எண் கொண்ட ஹோண்டா இஎக்ஸ்5, இங்கே எல்லாரும் காப்சாய் என்று சொல்லும் சின்ன வண்டி. கியர் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. சீட்டின் கிழிசலைக் கறுப்பு டேப் ஒட்டி மூடியிருக்கிறது. கூடையில் மழைச்சட்டையும் சாப்பாட்டு டப்பாவும்.

ஹிமாலயன்காரர் மதுரை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, மேசையில் கார்னே புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார். வண்டிக்கான கடப்பிதழ் அது. ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது சுங்கத்துறை ஒரு துண்டைக் கிழித்துக்கொள்ளும், வெளியேறும்போது இன்னொன்றை. மிஞ்சுகிற துண்டில் இரண்டு முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். வெளியேறிய முத்திரை இல்லையென்றால், வண்டியை அந்த நாட்டிலேயே விட்டுவிட்டதாகக் கொண்டு வரி கேட்பார்கள். ஊரில் கட்டிவைத்த உத்தரவாதத் தொகைக்கு ஆபத்து. தாய்லாந்தும் லாவோஸும் இந்தப் புத்தகத்தைக் கேட்பதில்லை, தனித்தாள் எழுதிக் கொடுத்துவிடும். மலேசியா கேட்கும். மலேசியத் தாளில் நுழைந்த முத்திரை இருக்கிறது. வெளியேறும் கட்டம் காலி. அவர் விரல் அந்தக் காலியிடத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது.

இஎக்ஸ்5க்காரர் அடுத்த மேசையில். ஐம்பதைத் தாண்டியவர், ஜாக்கெட்டை இன்னும் கழற்றவில்லை.

“தமிழ்நாட்லேர்ந்தா தம்பி? மோட்டார்லயேவா வந்தீங்க?”

“ஆமாண்ணே, மதுரை. காட்மாண்டுலேர்ந்து பாங்காக்குக்கு மட்டும் வண்டி ஃப்ளைட்ல வந்துச்சு. மிச்சமெல்லாம் ஓட்டித்தான்.”

“சிங்கப்பூர் போறீங்களா?”

“நான் போவேன். வண்டி போகாதுண்ணே.”

சிங்கப்பூருக்குள் வெளிநாட்டு வண்டி போக கார்னே மட்டும் போதாது. அதற்குத் தனி அனுமதியும் அந்நாட்டுக் காப்புறுதியும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். அலைச்சலையும் செலவையும் பார்த்துவிட்டு, தூரதேசத்து மோட்டார்க்காரர்கள் பலர் ஜொகூர் பாருவிலேயே வண்டியை நிறுத்தி பஸ் ஏறிவிடுகிறார்கள். தாய்லாந்தை ஒட்டிய புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையிலிருந்து இங்கே வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது; மழை வந்தால் ஒதுங்கப் பாலத்தடியில் இடம்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தனை தூரம் தடையின்றி வந்த வண்டி, சிங்கப்பூரை இணைக்கும் 1,056 மீட்டர் நீளக் காஸ்வேயின் முன்னால் நின்றுவிடுகிறது.

விமானத்தில் வண்டி ஏற்ற வேண்டி வந்ததே ஒரு துக்கக் கதை. நேர்வழி மணிப்பூரின் மோரே வழியாக மியன்மாருக்குள் இறங்கி, தாய்லாந்தின் மே சோட்டில் ஏறுவது. 2018 ஆகஸ்டில் மோரே-தாமு எல்லை வெளிநாட்டுப் பயணிகளுக்கும் திறந்தபோது, இந்தியாவிலிருந்து சக்கரத்திலேயே ஜொகூர் வரை வந்துவிடலாம் என்ற ஆசை பலருக்கும் பிறந்தது. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதோடு அந்த வழி போயிற்று.

மோரே தமிழருக்கு வெறும் எல்லைச் சாவடி இல்லை. 1960களில் பர்மாவில் கடையும் நிலமும் இழந்து கப்பலில் சென்னை வந்து இறங்கியவர்களில் சிலர், அங்கே வேர்பிடிக்காமல், தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பினார்கள். எல்லையில் மறிக்கப்பட்டு மோரேயிலேயே தங்கி, அங்காள பரமேசுவரிக்குக் கோயிலும் கட்டினார்கள். இந்த முனையில், காஸ்வேயிலிருந்து நடக்கிற தூரத்தில், ஜாலான் ஊங்கு புவானில் 1911இல் எழுந்த ராஜமாரியம்மன் கோயில். அந்த அம்மனுக்கும் இந்த அம்மனுக்கும் நடுவே சாலை இருக்கிறது. போகத்தான் முடியவில்லை. ஒரு தமிழ்நாட்டு வண்டி அங்கே கற்பூரம் காட்டிக் கிளம்பி இங்கே வந்து நிற்கும் நாளை நான் பார்க்க வேண்டும்.

“நீங்க எங்கண்ணே வேலை?”

“செனோக்கோல, பேக்டரி. வீடு மாசாய். இருபத்திரண்டு வருசமா இதே ரோடுதான்.”

மாசாயிலிருந்து சிங்கப்பூரின் செனோக்கோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போக வர 60. ஆண்டுக்கு 300 நாள் என்றால் 18,000. பூமத்திய ரேகையின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். இரண்டேகால் ஆண்டுக்கு ஒருமுறை இவர் பூமியைச் சுற்றி வந்திருக்கிறார், ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை நாட்டு எல்லை தாண்டி. கடப்பிதழை எடுத்துக் காட்டுகிறார். மதுரைக்காரருடையதில் முத்திரை மேல் முத்திரை. இவருடையதில் தாள்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. தன் குடிமகனுக்கு மலேசியா முத்திரை குத்துவதில்லை. சிங்கப்பூரும் குத்துவதை விட்டுவிட்டது. இப்போதெல்லாம் கைபேசியில் கியூஆர் குறியீடுதான். இத்தனை வருசத்துப் பயணத்துக்குச் சாட்சியாக அந்தத் தேய்ந்த கியர் மிதி ஒன்றுதான் இருக்கிறது.

இடையில் ஒரு முறிவு. கொரோனாவால் 2020 மார்ச் 18 அன்று எல்லை மூடியது. வேலையை விட முடியாமல் முதல்நாள் இரவே அந்தப் பக்கம் போனவர்களில், தங்க இடமின்றி கிராஞ்சி ரயில் நிலையத்தின் வெளியே படுத்துக்கிடந்தவர்கள் உண்டு.

“சின்னவ ஆறாவது படிக்கிறப்போ போனேன் தம்பி. திரும்பி வந்து பாக்கறப்போ என் தோள் உயரம்.”

2022 ஏப்ரல் 1 பிறந்த நள்ளிரவில் சாவடி திறந்தது. காத்துக்கிடந்த மோட்டார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே காஸ்வேயில் பாய்ந்தன. சோற்றுக்காகக் கடக்கிற எல்லையை இத்தனை கொண்டாட்டமாக யாரும் கடந்து நான் கேட்டதில்லை.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்துக்கு 4 கிலோமீட்டர் ரயில் பாதை போடுகிறார்கள். ஐந்து நிமிடப் பயணம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர். வரட்டும், நல்லது. ஆனால் இருட்டில் மாசாயிலிருந்து கிளம்பி செனோக்கோ வாசலில் நிற்க வேண்டியவருக்கு இரண்டு முனையிலும் மிச்ச தூரம் இருக்கிறதே. அதற்கு இந்தக் காப்சாய்தான். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். தூக்கம் போதாமல் இருட்டில் கிளம்புகிற இவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. சாகசம் என்று யாரும் எழுதாததால் இவர்களுடைய ஆபத்து சிறியதாகிவிடாது.

மணி ஐந்தை நெருங்குகிறது. மாசாய்க்காரர் எழுந்து இரண்டு மேசைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். மதுரைக்காரர் தடுக்கப் பார்க்கிறார், நடக்கவில்லை.

“வண்டிய இங்கேயே விடுங்க, கடைக்காரர்ட்ட சொல்லிர்றேன். 170 நம்பர் பஸ் பிடிங்க. இப்பவே போயிருங்க, ஆறு மணிக்கு மேல கால் வைக்க முடியாது. சாயந்தரம் வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம்.”

“எத்தனை மணிக்குண்ணே வருவீங்க?”

“எட்டு ஆயிரும் தம்பி. வர்ற பக்கம்தான் ஜாம் ஜாஸ்தி.”