கெலமங்கலம் பஸ்ஸில் ஒரு ஆஃபர் லெட்டர்

"மச்சி, ஓசூர் வந்துட்டா போன் பண்ணு. கெலமங்கலம்னு போர்டு போட்ட வண்டி எது வந்தாலும் ஏறிடு. சீட் கிடைக்கலேன்னா ஃபீல் பண்ணாதே. எனக்கு நாலு வருஷமா கிடைக்கலை!"

காலேஜில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். ஒயிட்ஃபீல்டு கம்பெனி ஒன்றிலிருந்து அவனுக்கு ஆஃபர் வந்திருந்தது. கைக்கு மாசம் 18,000 ரூபாய் கூட. ஞாயிறு ராத்திரிக்குள் பதில் சொல்லியாகணும். "நீ மூணு கம்பெனி மாறினவன். நேர்ல வாடா, பேசணும்" என்றான். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது தூரத்தில் சந்திரசூடேஸ்வரர் மலை தெரியும். மத்திகிரி தாண்டினதும் காட்சி மாறுகிறது. முட்டைக்கோஸ், கொத்தமல்லி, வெள்ளை வெள்ளையாகப் பசுமைக்குடில்கள். நடுவில் திடீரென்று ஒரு ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நம்மை ஓரம் கட்டும். 1970-களில் சிப்காட் வந்து, பின்னாடியே அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வந்தபோது வளர்ந்தது ஓசூர். இப்போது கெலமங்கலம், உத்தனப்பள்ளி பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ். ஐபோனுக்கான பாகங்கள் இங்கேதான் தயாராகின்றன. ராஞ்சி, ஹசாரிபாக் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான பழங்குடிப் பெண்கள் இங்கே வேலைக்கு வந்த விஷயம் 2022-லேயே செய்தியானது. அவங்க ஜார்க்கண்டிலிருந்து இந்த ஊருக்கு வர்றாங்க, நம்ம ஆள் இந்த ஊரிலிருந்து பெங்களூருக்குப் போறான். செம காமெடி இல்ல?

இந்த ஊர் வழியாகக் கன்னட தேசம் போவது புதுசும் இல்லை. 1799 மார்ச்சில் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் படை, கெலமங்கலத்தில் முகாம் போட்டுவிட்டுத்தான் போனது. அவங்களுக்கு சில்க் போர்டு சிக்னல் இல்லை. கொடுத்து வைத்தவர்கள்.

நண்பன் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தமிழ். சாப்பாட்டுக்கு மொழி கிடையாது. கேழ்வரகுக் களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு. மார்கழிக் குளிரில் அந்தக் களியைக் குழம்பில் தோய்த்து முழுங்கினால், பீட்சா எல்லாம் கிட்டக்கூட நிக்க முடியாது பாஸ்!

சாப்பிட்டதும் திண்ணையில் உட்கார்ந்து உரக்கடை பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. வாரத்துக்கு 12 மணி. வருஷத்தில் 48 வாரம் என்று வைத்தால் 576 மணி நேரம். அதாவது முழுசா 24 நாள், ராத்திரி பகலாக, பஸ்ஸில் தொங்குகிறான். மஞ்சள் லைன் மெட்ரோ 2025 ஆகஸ்ட்டில் திறந்தது. ஆனால் அது பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. ஓசூருக்கு நீட்டுவது இன்னும் பேச்சளவில்தான்.

புது கம்பெனியில் வாரத்துக்கு ஐந்து நாள் ஆபீஸ். கெலமங்கலத்திலிருந்து தினமும் ஒயிட்ஃபீல்டு போய் வருவது நடக்காத காரியம். பி.ஜி. எடுத்தே ஆகணும். வாடகை, வெளிச் சாப்பாடு, வார லீவில் ஊருக்கு வந்து போற செலவு எல்லாம் எழுதினோம். 18,000-ல் மிச்சம் நின்றது 3,000.

இன்னொரு விஷயம், ப்ளேஸ்மென்ட்டுக்குத் தயாராகிறவர்கள் கவனிங்க. அந்த லெட்டரில் பெரிய எழுத்தில் இருந்தது சி.டி.சி. கம்பெனி பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி வாங்க, நிரந்தர ஊழியராக ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்கணும். நம்மாளுக்கு நாலு வருஷம் மூணு மாசம். இப்போது கிளம்பினால் அந்தக் காசுக்கு டாட்டா.

"அப்புறம் என்னடா குழப்பம்? வேண்டாம்னு சொல்லிடு."

"காசு இல்லடா. நான் இப்போ பார்க்கிறது பழைய கோடுக்கு பேண்டேஜ் போடுற வேலை. அங்கே கிளவுட்ல புதுசா கட்டுறாங்க. இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருந்தா என்னை எவன் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவான்?"

எனக்கு பதில் வரவில்லை. அவன் சொன்னது நியாயம்தான். 2023-ல் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பாருங்க என்றபோது நாமெல்லாம் மீம் போட்டுச் சிரித்தோம். ஆனால் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லாத 40 மணி நேரம் பற்றி யாரும் மீம் போடுவதில்லை.

அவனோட சித்தப்பா ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். நடுவில் வந்து உட்கார்ந்தார். "சங்கு ஊதுச்சுன்னா எங்க வேலை முடிஞ்சுது தம்பி. உங்க லேப்டாப்ல அந்தச் சங்கை வெக்க மறந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரம், அம்மா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவங்கப்பாவுக்கு ராத்திரில கண்ணு சரியா தெரியலப்பா. புரை விழுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. இவன்கிட்ட சொல்லிடாதே. எங்களால நல்ல வேலையை விட்டான்னு இருக்கக் கூடாது."

இந்தப் பக்கத்தில் ராத்திரி கண் தெரியாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. கேழ்வரகு அறுக்கிற இந்தப் பருவத்தில் பன்னர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று யானைக் கூட்டம் இறங்கும். கொல்லை வைத்திருப்பவர்கள் டார்ச்சும் பட்டாசுமாகக் கண்விழித்துக் காவல் இருப்பார்கள். சனி, ஞாயிறு என் நண்பன். மற்ற நாட்களில் அப்பா, தனியாக.

எனக்குள் ஒரு பழைய முள் உண்டு. இரண்டாவது கம்பெனியில் ரிலீஸ் நேரம். பாட்டிக்கு முடியலைன்னு வீட்டிலிருந்து போன். "ரெண்டு நாள்ல வர்றேன்" என்றேன். ரெண்டு நாள் கழித்துப் போனபோது வாசலில் பந்தல். சீரியஸ் என்று அன்றைக்கு யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். எல்லாரும் என் வேலையை மதித்துச் சும்மா இருந்துவிட்டார்கள்.

ராத்திரி கொல்லையில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தோம். எங்கோ தூரத்தில் வெடிச்சத்தம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அங்கேதான் மீறினேன். கொஞ்ச நேரம் குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"தெரியும்டா. போன மாசம் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல இருந்த சொம்பைத் தேடினார். கேட்டா தூக்கக் கலக்கம்னார்."

காலையில் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டான். அவர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்! அப்புறம் அப்பா சொன்னார்: "அறுப்பு முடியட்டும், ஆபரேஷன் பண்ணிக்கறேன். அதுக்கப்புறம் நீ அமெரிக்காவே போ. இந்தக் கேழ்வரகு வீடு வந்து சேர்ற வரைக்கும்தான் எனக்கு ஆள் வேணும்."

பத்து மணிக்கு அந்தக் கம்பெனி ஹெச்.ஆருக்கு மெயில் தட்டினான். வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி உண்டா, உண்டு என்றால் ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தர முடியுமா? அரை மணியில் போன் வந்தது. "வீ ஆர் வெரி ஃப்ளெக்சிபிள்" என்றது அந்தப் பக்கம். "அதையே மெயில்ல போட முடியுமா மேடம்?" என்று இவன் கேட்டான். டீம் லீடிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள். ராத்திரி ஒன்பது வரை மெயில் வரவில்லை. ஒன்பதரைக்கு நன்றி சொல்லி, வரமுடியாது என்று எழுதி அனுப்பினான். அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருந்தான் என்று பொய் சொல்ல மாட்டேன்.

திங்கள் காலை ஐந்தே முக்கால். பனியில் எதிரில் வருகிறவர் முகம் தெரியவில்லை. ஓசூர் வண்டியில் வழக்கம்போல கூட்டம். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு ஏதோ கிளவுட் கோர்ஸ் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். மத்திகிரியில் ஒரு சீட் காலியானது.

"உட்காரு மச்சி" என்றேன்.

"நீ உட்காரு. நீ கெஸ்ட்டு."

நாங்கள் பேசி முடிப்பதற்குள் ஒரு பாட்டி கொத்தமல்லி மூட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.