எங்கள் வீட்டில் ஓடும் கப்பல்

திண்டுக்கல்லில் கடல் ஏது, கப்பல் ஏது என்று கேட்பீர்கள். குடிதண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊர் எங்கள் ஊர். ஆனாலும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கப்பல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் திரைக்குள்ளேதான்! அதை ஓட்டியவன் என் மகன். ஒரு நாள் அதை நிறுத்தியவள் நான்.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக் கொண்டான். ஆறு வாரம் மாவுக்கட்டு. படுத்துக் கிடந்தவனுக்கு என் தம்பி தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து வைத்தான். "பிளெண்டர்னு ஒண்ணு இருக்கும்மா, காசே வேண்டாம்" என்றான் பிள்ளை. மிக்ஸியைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்! உருவங்களைச் செய்து அசைய வைக்கும் கம்ப்யூட்டர் சாதனமாம் அது.

கப்பல் ஆசையை ஊட்டியவர் என் மாமனார். நாகல் நகரில் ஐம்பது வருஷம் பூட்டு செய்தவர். அவருடைய பாட்டனார் கொழும்புக்குப் போன கதையைப் பேரனுக்கு அடிக்கடி சொல்வார். 1914-ல் பாம்பன் வழி திறக்கும் வரை, வடக்கேயிருந்து கொழும்பு போகிறவர்கள் திண்டுக்கல் வழியாகத்தான் ரயிலில் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கி விட்டதும் அந்தக் கடலில்தான்.

"அந்தக் கப்பலை எது தாத்தா ஓட்டுச்சு?"

"நீராவிடா. எப்படின்னு நீதான் பார்த்துச் சொல்லேன்."

அவ்வளவுதான், பிடித்துக் கொண்டான். அளவெல்லாம் துல்லியமாகக் கிடைக்கிற எஞ்சினாகத் தேடி, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி கப்பலின் எஞ்சினை எடுத்துக் கொண்டான். 1941 முதல் 1945 வரை அப்படி 2,710 கப்பல்கள் கட்டினார்களாம். அவற்றில் ஒன்றான ஜெரமையா ஓ'பிரையன், சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இன்றும் இருக்கிறது. 1997-ல் வந்த 'டைட்டானிக்' படத்தின் எஞ்சின் அறைக் காட்சிகளுக்கு அந்தக் கப்பலின் எஞ்சினைத்தான் படம் பிடித்தார்களாம்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்து கொள்ளவும் நினைக்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கும் கூடத்தில் வெளிச்சம். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. கட்டு பிரித்த பிறகும் மேஜையை விட்டு எழவில்லை. அடுத்த வருஷம் பிளஸ் டூ! நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். "இதோம்மா, இதோம்மா" என்றான். ஐந்தாவது தடவை வாய் பேசவில்லை, கை பேசியது. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி விட்டேன்.

அவன் செய்ததைச் சேமித்துக் கொண்டிருந்த நேரம் அது. ஃபைலே கெட்டுப் போயிற்று. மிஞ்சியது பதினைந்து நாளைக்கு முந்தைய நகல்தான். கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். இரண்டு நாள் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் மாமா என்னைக் கூப்பிட்டார். "தாயி, நான் அரம் பிடிச்ச காலத்துல உங்க அத்தை என்னைக்காவது என் பட்டறையைப் பூட்டியிருக்காளா? பையன் என்ன செய்யறான்னு ஒரு தடவை உட்கார்ந்து பாரு."

உட்கார்ந்தேன். மிச்சமிருந்த நகலை வைத்துக் கொண்டு சொல்லிக் கொடுத்தான்.

குக்கரில் ஆவி அடைபட்டு வெயிட்டைத் தூக்குகிறதே, அதுதான் அடிப்படை. கொதிகலனிலிருந்து வருகிற ஆவி முதலில் சின்ன சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளும். அதோடு அதை விட்டுவிடுவதில்லை. இரண்டாவது சிலிண்டர், பிறகு மூன்றாவது என்று ஒரே ஆவியிடம் மூன்று முறை வேலை வாங்குகிறார்கள். இட்லிப் பானையிலேயே முட்டையையும் வேக வைக்கிற நம் சிக்கனம்தான்! அழுத்தம் குறையக் குறைய ஆவிக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் முதல் சிலிண்டரின் குறுக்களவு 24.5 அங்குலம், அடுத்தது 37, கடைசியானது 70. ஏறக்குறைய ஆறடி!

"அப்புறம் அந்த ஆவி எங்கே போகும்?" என்றேன்.

"குளிர வெச்சு மறுபடி தண்ணியாக்கி, கொதிகலனுக்கே அனுப்பணும்மா."

"சுத்திலும் கடலாச்சேடா?" என்று கேட்ட வாயை நானே மூடிக் கொண்டேன். போர்த் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி வெந்நீர்ப் பானைக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடு படிந்ததைச் சுரண்டியவள் அல்லவா நான்! நம் போர்த் தண்ணீருக்கே அந்தக் கதி என்றால், கடல் தண்ணீரை ஊற்றிய கொதிகலன் என்ன ஆகும்? நான் சொன்னதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு!

மாமாவும் கண்ணாடியை மாட்டிக் கொண்டு வந்தார். திரையில் எஞ்சின் அழகாகச் சுற்றியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நெசத்துல ஓடாதுடா" என்றார். "அந்தத் தண்டு தூணுக்குள்ளே பூந்து போகுது பாரு. உன் பெட்டிக்குள்ளே இரும்பு இரும்பை இடிக்காது. பட்டறையிலே இடிக்கும். மாங்காய்ப் பூட்டுலே ஒரு நூல் பிசகினாலும் சாவி திரும்பாது. அது சரி, எண்ணெய் எங்கே ஊத்துவே?"

பையன் திகைத்து விட்டான். தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னான். அந்தக் கப்பல்களில் எண்ணெய் விடுகிறவர்கள், சுற்றுகிற எஞ்சினுக்குள் கையைக் கொடுத்து, பேரிங் சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களாம். பிள்ளை நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி!

கெட்டுப் போனதை விட நன்றாகவே மறுபடி செய்தான். இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடையாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தள்ளி இருக்கிற பொருளை இருபது விநாடி பார்க்க வேண்டும். அவன் பார்ப்பது மலைக்கோட்டையை! திரை கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ இருக்க வேண்டும். நானும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்து நிமிஷம் முன்னால் சொல்வேன். பிளக்கில் கை வைக்க மாட்டேன்.

பிள்ளைகள் எதிலாவது மூழ்கிக் கிடந்தால் நமக்குப் பயம் வருவது இயல்பு. அணைப்பதற்கு முன்னால் ஒரு தரம் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னடா?" என்று கேளுங்கள். விளையாட்டு என்று தெரிந்தால் நிறுத்தலாம். வேலை என்று தெரிந்தால் நேரம் வகுக்கலாம். கேட்காமல் அணைத்தால் எது அணைந்தது என்று நமக்கே தெரியாது.

முழு வேகத்தில் அந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 76 சுற்று சுற்றுமாம். அன்று திரையில் அது சரியாக ஓடியபோது, அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். ஏறக்குறைய அதே கணக்குதான்.

"என்னம்மா பண்றே?" என்றான்.

"எண்ணெய் விடறேன்டா" என்றேன்.