விதை எது, வைக்கோல் எது?

ஒரு சம்சாரி வீட்டுல சர்வர் எதுக்குன்னு மெட்ராஸ்ல இருந்து வர்ற நண்பர்கள் எல்லாரும் கேப்பாங்க. ரூம் முழுக்க லைட்டு மின்னுற சமாச்சாரம்னு நினைச்சு வந்து தேடுவாங்க. எங்க வீட்டுல இருக்கிறது பீரோவுக்குப் பக்கத்துல ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். யாரோ ஆபீஸ்ல கழிச்சுவிட்ட கம்ப்யூட்டர். பெங்களூருல வேலை பாக்குற அக்கா மகன் அதுல ரெண்டு ஹார்டு டிஸ்க் மாட்டி, லினக்ஸ் போட்டுக் குடுத்தான். டிஸ்க் ஒவ்வொன்னும் 4 டெராபைட். வீட்டுல உள்ள போன்ல எடுக்குற போட்டோ, வீடியோ எல்லாம் ராத்திரியானா அதுல போய் விழுந்துரும். குதிர்னு வச்சுக்கங்க.

குதிருக்குள்ள என்ன இருக்கு? பட்டா, சிட்டா, பத்திர நகல். போர் போட்டப்ப கேமரா விட்டு எடுத்த வீடியோ. பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கு 9 வருஷக் கணக்கு. எங்க பக்கம் வருஷத்துக்கு ரெண்டு மூணு அறுப்பு வரும். எந்தத் தேதியில கவாத்து பண்ணுனோம், அதுக்கப்புறம் எப்ப மழை பேஞ்சுச்சு, அடிச்சாம்பல் நோய் எந்த வாரம் இலைக்கு அடியில எட்டிப் பாத்துச்சுன்னு எல்லாம் போட்டோவோட இருக்கு. அடுத்த கவாத்துக்கு நாள் குறிக்கும்போது நான் பாக்குற பஞ்சாங்கம் அதுதான்.

அப்புறம் சின்னம்மாவோட பாட்டு. கம்பம் பள்ளத்தாக்குல இருபோக நெல்லு 14,707 ஏக்கர். ஜூன்ல முல்லைப்பெரியாத்துத் தண்ணி திறந்துட்டா நாத்து, நடவுன்னு ஊரே சேத்துல நிக்கும். முன்னாடி வரப்புல நின்னாலே நடவுப் பாட்டு கேக்கும். இப்ப நடவு மிஷின் வந்துருச்சு, மிஷின் எங்க பாடுது? சின்னம்மாவுக்கு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம். வைகாசியில திண்ணையில உக்கார வச்சு போன்லயே 11 பாட்டு பதிவு பண்ணுனேன். ஆனி கடைசியில அவங்களுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு. இப்ப பேச்சே குழறுது.

இந்த நிலைமையில ஆடிக் காத்து ஆரம்பிச்ச வாரம் பெட்டியில இருந்து ஒரு மெயில் வந்துச்சு. ரெண்டாவது டிஸ்க்ல ‘பெண்டிங் செக்டார் 16’.

இதை நம்ம பாஷையில சொல்றேன். டிஸ்க்கை ஒரு வயலா நினைச்சா, செக்டார்ங்கிறது ஒரு பாத்தி. ஒரு பாத்தியில 4096 எழுத்து நடலாம். 4 டெராபைட்டுன்னா ஏறக்குறைய 98 கோடி பாத்தி. வாசிக்க முடியாம தகராறு பண்ற பாத்தியை டிஸ்க்கே குறிச்சு வைக்கும், அதுதான் பெண்டிங். திரும்ப எழுதிப் பாத்தும் தேறலைன்னா அதைத் தரிசாப் போட்டுட்டு, கம்பெனிக்காரன் ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்கிற உபரிப் பாத்திக்கு மாத்திரும். அந்தக் கணக்குக்குப் பேரு ரீஅலொகேட்டட் செக்டார். டிஸ்க் தன் உடம்பைத் தானே பாத்துச் சொல்ற இந்த ஏற்பாட்டை ஸ்மார்ட்டுன்னு சொல்றாங்க.

மருமகனுக்குப் போன் போட்டேன்.

“மாமா, பதறாதீங்க. மொதல்ல அந்த சிஆர்சி எரர் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க.”

“அது சைபர்தான்டா மாப்ள.”

“அப்ப வயர் நல்லாருக்கு. டிஸ்க்குதான் போகுது.”

இது தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். சிஆர்சி எண்ணிக்கை ஏறுச்சுன்னா பெரும்பாலும் கேபிள்லதான் கோளாறு. வாய்க்கால்ல உடைப்பு இருக்க, வயலைக் குத்தம் சொல்லக்கூடாதுல்ல. கேபிளைக் கழட்டி மாட்டுனாலே சரியாப் போற கேஸுக்கு எத்தனையோ பேரு புது டிஸ்க் வாங்குறாங்க.

16 பாத்திதானே, 98 கோடியில அது என்னன்னு தோணும். கூகுள்ல வேலை பாத்த மூணு பேரு 2007-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்க்கைக் கவனிச்சு எழுதுனது. ஸ்கேன் பண்ணும்போது முதல் பிழை காட்டுன டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள்ள படுத்துக்கிற வாய்ப்பு, பிழையே காட்டாத டிஸ்க்கை விட 39 மடங்குன்னு அதுல இருக்கு. அதே ஆய்வுல இன்னொன்னும் இருக்கு. செத்துப்போன டிஸ்க்குகள்ல பாதிக்கும் மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் அறிகுறியில ஒன்னைக்கூடக் காட்டாமலே போயிருக்கு. அறிகுறி வந்தா நம்பணும். வரலைங்கிறதுக்காகத் தைரியமா இருக்க முடியாது.

“ரெண்டு டிஸ்க்லயும் ஒரே சரக்கு இருக்குல்ல, அப்புறம் என்ன கவலை?”ன்னு வீட்டுல கேட்டாங்க. நியாயமான கேள்விதான். இதுக்குப் பேரு ரெய்டு. கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ்னு மூணு பேரு 1988-ல எழுதுன கட்டுரையில இருந்து பரவுன பேரு. விலை குறைஞ்ச டிஸ்க்கைப் பலதாச் சேத்து, ஒன்னு செத்தாலும் வேலை நிக்காம பாத்துக்கிறது. எங்களுது கண்ணாடி மாதிரி, இதுல எழுதுனது அதுலயும் இருக்கும். ஆனா கண்ணாடியில தெரியிற நெல்லு இன்னொரு மூட்டை ஆகுமா? பிள்ளைக தெரியாம ஒரு போட்டோவை அழிச்சா ரெண்டுலயும் அழியும். வைரஸ் பூந்தாலும் அப்படித்தான். இடி விழுந்து பெட்டி கருகுனா ரெண்டும் சேந்தே கருகும்.

நம்ம பெரியவங்க விதைநெல்லை ஒரே குதிர்ல வச்சதில்லை. பங்காளி வீட்டுலயும் சம்பந்தி வீட்டுலயும் குடுத்து வச்சாங்க. இங்க பூச்சி விழுந்தா அங்க போய் வாங்கிக்கலாம். உலகமும் அதைத்தான் செய்யுது. நார்வே நாட்டு ஸ்வால்பார்டு தீவுல மலையைக் குடைஞ்சு, 2008-ல விதைக் கிடங்கு திறந்தாங்க. சிரியாவுல அலெப்போ பக்கம் இருந்த ‘இகார்டா’ விதை வங்கி, சண்டை வந்ததும் தன் சரக்கை எடுக்க முடியாம போச்சு. 2015-ல ஸ்வால்பார்டுல குடுத்து வச்சிருந்ததைத் திரும்ப வாங்கி, லெபனான்லயும் மொராக்கோவுலயும் விதைச்சு மீட்டாங்க.

எங்களுக்கு ஸ்வால்பார்டு, சின்னமனூர்ல அக்கா வீட்டு அலமாரி. ரெண்டு யூஎஸ்பி டிஸ்க் இருக்கு. ஒன்னு அங்க, ஒன்னு இங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்திக்குவோம். கடைசியா மாத்துனது சித்திரையில. சின்னம்மா பாடுனது வைகாசியில. போன்ல இடம் பத்தாம அதுல இருந்து எப்பவோ அழிச்சாச்சு. ஆக அந்த 11 பாட்டும் உலகத்துலயே இந்த ஒரு பெட்டியிலதான். சேதி வந்த அன்னைக்கு என் வயித்தைக் கலக்குனது இதுதான்.

புது டிஸ்க் மாட்டுனா, நல்லா இருக்கிற டிஸ்க்கை முதல் பாத்தியில இருந்து கடைசிப் பாத்தி வரைக்கும் ஒரே மூச்சுல வாசிச்சு, புதுசுல நடணும். பத்து மணி நேர வேலை. இதுவரைக்கும் அலுங்காம இருந்த கிழவனை ஓடச் சொல்ற மாதிரி. அந்த ஓட்டத்துல அதுவும் விழுந்தா எல்லாம் போச்சு. அதனால மாத்துறதுக்கு முன்னாடி விதையை வெளிய எடுத்துறணும்.

எது விதை? உக்காந்து பிரிச்சுப் பாத்தேன். பெட்டியில இருந்தது மொத்தம் 3 டெராபைட்டுக்குப் பக்கம். அதுல சினிமா, கல்யாண வீடியோவோட நாலு நாலு நகல், பழைய போனோட மொத்தக் குப்பை. எல்லாம் வைக்கோல். பட்டா, சிட்டா அரசாங்க இணையதளத்துலயே திரும்ப எடுத்துக்கலாம். போனா திரும்பவே கிடைக்காததுன்னு பாத்தா 60 ஜிபி கூடத் தேறலை. பாட்டு 11-ம் சேந்து ஒரு ஜிபிக்குள்ள. யூஎஸ்பி டிஸ்க்ல ஏத்த ஒரு நிமிஷம் ஆகலை. ஏத்துனதோட விடாம ஒவ்வொரு பாட்டையும் அதுல இருந்தே போட்டுக் கடைசி வரைக்கும் கேட்டேன். ஏழாவது பாட்டுல நடுவுல சேவல் கூவுது. சின்னம்மா பாட்டை நிறுத்தாமலே அதை வையிறாங்க. அது இருந்துச்சு.

புது டிஸ்க் வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்எம்ஆர்னு ஒரு ரகம் இருக்கு. இடம் மிச்சம் பண்ண, கூரை ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒரு வரி மேல ஒரு வரி ஏறி உக்காந்திருக்கும். ஒரு ஓட்டை மாத்த பக்கத்து ஓடுகளையும் கிளப்பணும், அதனால ரெய்டுல மாட்டுனா இழுத்துக்கிட்டே கிடக்கும். சிஎம்ஆர்னு கேட்டு வாங்குங்க. அதே மாதிரி, எந்த டிஸ்க் எதுன்னு சீரியல் நம்பரைப் பாத்து மேல எழுதி ஒட்டிருங்க. செத்ததுன்னு நினைச்சு உயிரோட இருக்கிறதை உருவிட்டா கதை முடிஞ்சது.

சாயங்காலம் ஏழு மணிக்கு மாட்டி ஓட விட்டோம். வெளிய ஆடிக் காத்து தென்னையை முறிக்கிற மாதிரி வீசுது. ரெண்டு தடவை கரண்டு போச்சு, இன்வெர்ட்டர் தாங்கிக்கிருச்சு. பெட்டியைத் திறந்து வச்சு, பக்கத்துல டேபிள் ஃபேனைப் போட்டு உக்காந்திருந்தேன். விடியக்காலம் அஞ்சு மணி சுமாருக்கு நூறு சதவீதம்னு காட்டுச்சு. பழைய டிஸ்க்ல பெண்டிங் அதுக்குள்ள 16-ல இருந்து 40-ஐத் தாண்டியிருந்துச்சு.

அந்த வாரமே பாட்டையெல்லாம் அக்காவுக்கு, சித்தி மகளுகளுக்கு, சின்னம்மா பேத்திக்குன்னு அனுப்பிட்டேன். பேத்தி இப்ப ரெண்டு பாட்டைப் பாடிப் பழகிட்டா. சின்னம்மா கட்டில்ல படுத்துக்கிட்டே கேக்குறாங்க. அவ வரியை விட்டா இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொல்றாங்க.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய டிஸ்க்கோ லேப்டாப்போ இருக்கும். அது என்னைக்காவது சாகத்தான் செய்யும். புதுசு வாங்குறது அப்புறம் இருக்கட்டும். போனா திரும்ப வராதது எதுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. நீங்க நினைக்கிறதை விடக் கொஞ்சமாத்தான் இருக்கும். அதை இன்னைக்கே இன்னொரு வீட்டுல கொண்டுபோய் வைங்க.