எடை போடும் உத்தியோகம்

விமான நிலையத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் கண்ணாடி மாளிகையையும் புன்னகை பூத்த பணிப்பெண்களையும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் நிலையத்தில் இருந்தவை ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய், ஒரு டெலிபோன், ஒரு விமானம், எண்ண முடியாத ஆடுகள்.

இரண்டாம் உலகப் போரின்போது தமிழ்நாட்டில் செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை போன்ற இடங்களில் ஓடுதளங்கள் போட்டார்கள். யுத்தம் முடிந்ததும் அவற்றில் நெல்லும் மிளகாயும் காய்ந்தன. அந்த ஜாதியைச் சேர்ந்த ஒரு பொட்டலில்தான், 1977-ல் வாடகை விமானம் நடத்திய ஒருவரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். விமானம் இறங்குமுன் ஆடுகளை விரட்டுவது, இறக்கையின் அடியில் பெட்ரோலைக் கொஞ்சம் வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, பிரயாணிகளை எடை போடுவது எல்லாம் என் உத்தியோகம்.

இந்த எடை விஷயம்தான் பெரும் சங்கடம். எங்கள் செஸ்னாவில் இருக்கை நாலு. அதனால் நாலு பேர் ஏறலாம் என்று அர்த்தமில்லை. ஆளும் பெட்டியும் பெட்ரோலும் சேர்த்து 390 கிலோதான் அது தாங்கும். வெயில் நாளில் காற்று லேசாகிவிடும். அதே விமானம் எழும்ப இன்னும் நீண்ட தூரம் ஓட வேண்டும். ஆகையால் கடலை மண்டியிலிருந்து வாங்கிய மூட்டைத் தராசில் கோடீசுவரரையும் நிறுத்தித்தான் ஆகவேண்டும். வாயால் கேட்டால் எல்லோரும் பத்துக் கிலோ குறைத்தே சொல்வார்கள்!

1978 மே மாதம், பகல் இரண்டு மணி. ஜவுளிக்கடை முதலாளிகளான அண்ணனும் தம்பியும் தாயாரைக் காரில் கொண்டுவந்தார்கள். நெஞ்சுவலி, உடனே சென்னைக்குப் போகவேண்டும். தாயாருக்கு 48 கிலோ, அண்ணனுக்கு 102, தம்பிக்கு 80, விமானிக்கு 68. சென்னை வரைக்கும், எதிர்காற்றுக்கும் மேகத்துக்கும் என்று கொஞ்சம் கூடுதலாகவும் போட்ட பெட்ரோல் 100 கிலோ. கூட்டிப் பார்த்தேன்: பெட்டியைச் சேர்க்காமலே 398.

"யாராவது ஒருத்தர் நின்றுகொள்ள வேண்டும்" என்றார் விமானி.

இருவரும் அசையவில்லை. சொத்துத் தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். தாயாரோடு தனியாகப் போகிறவன் எந்தக் காகிதத்தில் கைநாட்டு வாங்கிவிடுவானோ என்று மற்றவனுக்குப் பயம். "இரட்டிப்பு வாடகை தருகிறேன்" என்றார் அண்ணன்.

"பணம் கொடுத்தால் எடை குறையாதுங்க" என்றார் விமானி.

காரின் பின் ஆசனத்தில் கண்ணை மூடிக் கிடந்த அம்மாள் மெல்லக் கேட்டாள்: "தம்பி, எங்க வீட்டு வேலைக்காரி எத்தனை கிலோ இருப்பா?"

காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவியைத் தராசில் ஏற்றினேன். 41.

"அவ வரட்டும். நீங்க ரெண்டு பேரும் இந்தக் காரிலேயே வந்து சேருங்கப்பா."

விமானம் ஓடுதளத்தில் பாதி தூரம்கூடப் போகாமல் லேசாக எழும்பிவிட்டது. பிள்ளைகள் இருவரும் வெகு நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அண்ணன் முன் ஆசனத்திலும் தம்பி பின் ஆசனத்திலும் ஏறினார்கள். சென்னைக்கு விடிய விடியப் பிரயாணம். வழியில் என்ன பேசினார்களோ, பேசாமலே போனார்களோ, நான் அறியேன். மூன்று வாரம் கழித்து அம்மாள் ரயிலில் திரும்பினாள் என்று கேள்விப்பட்டேன். ஸ்டேஷனுக்கு ஒரே கார்தான் போயிற்றாம்.

வாடகை விமானம் அதிக நாள் கட்டுப்படியாகவில்லை. முதலாளி அதை விற்றுவிட்டார். நான் வேறு வேலை தேடிக்கொண்டு, பின்னால் கதை எழுதவும் வந்துவிட்டேன். மனிதர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரு சந்தேகம் எழும். அந்தத் தராசு கிலோக் கணக்கு மட்டும்தான் சொல்லும். ஒரு தாய் எத்தனை பாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 48 கிலோவாக இருந்தாள் என்பதை எந்த மண்டித் தராசு சொல்லப் போகிறது?